வீடு மாறும் புகைப்படங்கள்!



உங்கள் முதல் பிறந்த நாள் படம், சித்தியின் கல்யாண வீடியோ, தாத்தா கதை சொல்லும்போது எடுத்த வீடியோ... இதையெல்லாம் உங்கள் வீட்டில் எங்கே வைத்திருக்கிறார்கள்? பல வீடுகளில், பீரோவுக்குள் துணிகளுக்கு நடுவே, உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி பத்திரமாக இருக்கும். அதுதான், 'எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்!'

அது நிறைந்துவிட்டது. அப்பா புதிதாக ஒன்று வாங்கி வந்துவிட்டார். இரண்டையும் கம்ப்யூட்டரில் செருகி, 'காப்பி' கொடுத்தால், திரையில் பச்சைக் கோடு நத்தை போல நகர்கிறது. 'இன்னும் ஆறு மணி நேரம்' என்கிறது. உடனே பொறுமை இழந்து கம்பியைப் பிடுங்கிவிடாதீர்கள்! ஏன் இவ்வளவு தாமதம் என்று முதலில் பார்ப்போமா?

பெட்டிக்குள் என்ன?

உள்ளே, கண்ணாடி போல் பளபளக்கும் வட்டத் தட்டு ஒன்றோ, இரண்டோ இருக்கும். அதன் மேல் காந்தப் பூச்சு. பல டிஸ்க்குகளில் இந்தத் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். அதாவது, வினாடிக்கு 90 சுற்று! தட்டின் மேல் ஒரு சின்னக் கை அங்குமிங்கும் நகரும். அதன் நுனியில் உள்ள, 'ஹெட்'தான் தகவலைப் படிக்கிறது, எழுதுகிறது. அது தட்டைத் தொடாது. நம் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லாத இடைவெளியில் மிதக்கும். ஓடும் ஹார்ட் டிஸ்க்கை ஆட்டக் கூடாது, கீழே போடக் கூடாது என்பது இதனால்தான்.

முதல் ஹார்ட் டிஸ்க்கை ஐ.பி.எம். நிறுவனம் 1956ல் வெளியிட்டது. அதில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள்! எடை ஏறக்குறைய ஒரு டன். ஆனால், அது தாங்கியதோ 50 லட்சம் எழுத்துகளைத்தான். இன்று போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அந்த இடம் சரியாகப் போய்விடும்!

குழாய் சின்னதா?

பெரிய தண்ணீர்த் தொட்டி இருந்தாலும், குழாய் சின்னதாக இருந்தால் குடம் நிறைய நேரமாகும் இல்லையா? இங்கே குழாய் என்பது யு.எஸ்.பி. கம்பி.

2000ல் வந்த யு.எஸ்.பி. 2.0, வினாடிக்கு 480 மெகாபிட் அனுப்பும். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே கணக்குப்படி 60 மெகாபைட். நடைமுறையில் கிடைப்பது 30 முதல் 40 வரைதான். 2008ல் வந்த யு.எஸ்.பி. 3.0, இதைப் போல பத்து மடங்குக்கு மேல் அகலமான குழாய்.

ஒரு கணக்குப் போடுங்கள். 100 ஜிகாபைட் என்பது ஒரு லட்சம் மெகாபைட். வினாடிக்கு 35 மெகாபைட் போனால், சுமார் 48 நிமிடம் ஆகும். 100 மெகாபைட் போனால், 17 நிமிடத்தில் முடிந்துவிடும்!

கம்ப்யூட்டரில் வேகமான துளைக்குள் பெரும்பாலும் நீல நிறம் தெரியும். அதில் செருகுங்கள். கம்பியையும் கவனியுங்கள். பழைய கம்பியில் 4 இணைப்புகள்தான், புதியதில் 9. பழைய கம்பி சில புது டிஸ்க்குகளிலும் பொருந்தும்; ஆனால், பழைய வேகத்தில்தான் ஓடும். இரண்டு டிஸ்க்குகளையும் ஒரே, 'ஹப்'பில் செருகினால், ஒரு குழாயை இரண்டு பேர் பங்கு போடுவது போல ஆகிவிடும். தனித்தனியாகச் செருகுவதே நல்லது.

சின்ன ஃபைல், பெரிய வேலை!

வீடு மாறும்போது ஒரு பீரோவைத் தூக்குவது ஒரே வேலை. ஆயிரம் ஸ்பூன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போனால்? ஃபைல்களும் அப்படித்தான். ஒரே பெரிய சினிமா வேகமாகப் போகும். அதே அளவுள்ள ஆயிரக்கணக்கான சின்னப் படங்கள் மெதுவாகப் போகும். ஒவ்வொன்றுக்கும், 'ஹெட்' இடம் தேடி நகர வேண்டும். அதன் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். இது கோளாறு அல்ல. விட்டுவிட்டு விளையாடப் போகலாம்!

டிஸ்க் நிறைய நிறையவும் வேகம் குறையும். காலி இடம் துண்டு துண்டாகிப் போவதால், ஒரே ஃபைல் பல இடங்களில் சிதறிக் கிடக்கும். வேண்டாதவற்றை நீக்கிவிட்டு, பெரியவர்கள் உதவியுடன், 'டிஃப்ராக்மென்ட்' செய்தால் சிதறியவை ஒன்று சேரும். சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. வகைக்கு இது தேவையில்லை.

ஜாக்கிரதை!

நேற்று வரை வேகமாக ஓடியது, இன்று திடீரென்று தவழ்கிறதா? 'டிக்... டிக்...' என்று சத்தம் வருகிறதா? அது நோயின் அறிகுறியாக இருக்கலாம். அப்போது டிஃப்ராக்மென்ட் எல்லாம் வேண்டாம். உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். திரும்ப எடுக்க முடியாத படங்களை முதலில் காப்பாற்றுங்கள். சினிமாவை மறுபடி வாங்கிவிடலாம். தாத்தாவின் குரலை எங்கே போய் வாங்குவது?

இப்படிச் செய்யுங்கள்!

* 'கட்' வேண்டாம். 'காப்பி' மட்டும் செய்யுங்கள். 'கட்' செய்தால் ஃபைல்கள் போகப் போக, பழைய இடத்தில் அழிந்துகொண்டே வரும். நடுவில் மின்சாரம் போனால் பாதி அங்கே, பாதி இங்கே!

* லேப்டாப் என்றால் சார்ஜரில் போட்டு வையுங்கள். நடுவில் தூங்கிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

* இடமிருந்தும் பெரிய வீடியோ ஏற மறுக்கிறதா? டிஸ்க், 'ஃபேட்32' முறையில் இருக்கலாம். அதில் ஒரு ஃபைல் 4 ஜிகாபைட்டைத் தொடக் கூடாது. முறையை மாற்ற, 'ஃபார்மேட்' செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். எனவே, காலி டிஸ்க்கில் மட்டும், பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

* முடிந்ததும் இரண்டு ஃபோல்டர்களிலும், 'ப்ராப்பர்ட்டீஸ்' பாருங்கள். ஃபைல் எண்ணிக்கையும், 'சைஸ்' அளவும் ஒன்றாக இருக்கிறதா? ('சைஸ் ஆன் டிஸ்க்' டிஸ்க்குக்கு டிஸ்க் மாறலாம், பயப்பட வேண்டாம்.) நான்கைந்து படங்களைத் திறந்தும் பாருங்கள்.

* 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்த பிறகே கம்பியை எடுங்கள். கோடு முழுதும் ஓடி முடித்த பிறகும், கடைசித் துளி எழுதப்படாமல் காத்திருக்கலாம்.

வீடு மாறும்போது, காலி செய்த வீட்டைப் பூட்டும் முன் அம்மா ஒருமுறை எல்லா அறைகளையும் சுற்றிப் பார்ப்பார் இல்லையா? அதேபோல், சரிபார்க்காமல் பழைய டிஸ்க்கில் எதையும் அழிக்காதீர்கள். முடிந்தால் அதை அழிக்காமலேயே பீரோவில் வைத்துவிடுங்கள். ஒன்று கெட்டாலும் இன்னொன்று கைகொடுக்கும்.

என்ன குட்டீஸ், இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கறுப்புப் பெட்டியை வெளியே எடுக்கலாமா?