எதைப் படித்தால் பி.ஆர். கிடைக்கும்? ஆஸ்திரேலியா செல்லும் முன் அறிய வேண்டியவை!

பி.இ. அல்லது பி.எஸ்ஸி. முடித்த பிள்ளை இருக்கும் பல வீடுகளில் இன்று எழும் கேள்வி, “ஆஸ்திரேலியாவில் எந்த கோர்ஸ் படித்தால் பி.ஆர். கிடைக்கும்?” என்பதுதான். கல்விக்கடன் வாங்கி, நகையை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் இதைக் கேட்பதில் தவறில்லை. ஆனால், பி.ஆர். எனப்படும் நிரந்தரமாகத் தங்கும் உரிமையை எந்தப் படிப்பும் நேரடியாக வாங்கித் தராது. படிப்பு ஒரு தொழிலுக்குத் தகுதி தருகிறது. அந்தத் தொழில் அரசின் பட்டியலில் இருந்தால்தான் அடுத்த கதவு திறக்கும்.

பாதை எப்படிப் போகிறது?

படிப்பு முடிந்ததும் 485 என்ற தற்காலிக விசாவில் தங்கி வேலை பார்க்கலாம். இரு நாட்டு ஒப்பந்தப்படி, அங்கு முதுகலை முடிக்கும் இந்தியர்களுக்கு இது 3 ஆண்டுகள் வரை கிடைக்கும். 2024 ஜூலை முதல் இதற்கான வயது வரம்பு 35. ஆராய்ச்சிப் பட்டம் பெறுபவர்களுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. வேலையை விட்டுவிட்டு 34 வயதில் படிக்கப் போக நினைப்பவர்கள் இதை முதலில் கணக்கில் கொள்ள வேண்டும்.

அடுத்து, அந்தத் தொழிலுக்கான அமைப்பிடம் தகுதி மதிப்பீடு பெற வேண்டும். ஐ.டி.க்கு ஓர் அமைப்பு, பொறியியலுக்கு ஓர் அமைப்பு, நர்ஸிங்குக்கு வேறொன்று. அதன் பிறகே பாயின்ட் கணக்கு வருகிறது.

25 முதல் 32 வயதுக்கு 30 பாயின்ட். இளங்கலை அல்லது முதுகலைக்கு 15. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் நான்கு பிரிவிலும் 7 எடுத்தால் 10, நான்கிலும் 8 எடுத்தால் 20. ஆஸ்திரேலியாவில் 2 ஆண்டுகள் படித்ததற்கு 5. திருமணமாகாதவருக்கு 10. நம் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் வாய்ப்பும் உண்டு. தமிழ் - ஆங்கில மொழிபெயர்ப்புத் திறனுக்கான சி.சி.எல். தேர்வில் தேறினால் இன்னொரு 5.

விண்ணப்பிக்க 65 போதும். ஆனால், 65 இருந்தால் அழைப்பு வந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. அதிகப் பாயின்ட் உள்ளவர்களுக்கே முதல் அழைப்பு. கணக்கியல் துறையே இதற்கு உதாரணம். பட்டியலில் இருந்தும், போட்டி அதிகமானதால் 65ஐவிட வெகு உயரத்தில்தான் பல ஆண்டுகளாக அழைப்புகள் வந்தன.

சமையலும் முடிதிருத்தமும் தந்த பாடம்

பட்டியலை மட்டும் நம்பிப் படித்தால் என்ன ஆகும் என்பதை 2010ஆம் ஆண்டு காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில், ஆள் தட்டுப்பாடுள்ள தொழில்களின் பட்டியலில் சமையலும் முடிதிருத்தமும் இருந்தன. மெல்போர்ன், சிட்னியில் இவற்றைக் கற்பிக்கும் தனியார் கல்லூரிகள் பெருகின. சமையலில் ஆர்வமே இல்லாத இந்திய மாணவர்கள்கூட, பி.ஆர்.ஐ மனதில் வைத்து அங்கே சேர்ந்தார்கள்.

2010 பிப்ரவரியில் அரசு அந்தப் பட்டியலையே ரத்து செய்தது. அந்த ஆண்டு ஜூலையில் வந்த புதிய பட்டியலில் இந்த இரண்டு தொழில்களும் இல்லை. பல கல்லூரிகள் மூடப்பட்டன. கட்டணம் கட்டிப் பாதி படிப்பில் இருந்தவர்கள், கடனோடும் பிடிக்காத ஒரு தொழிலோடும் நின்றார்கள். 2014இல் செஃப் தொழில் மீண்டும் பட்டியலுக்கு வந்தது. அதற்குள் 4 ஆண்டுகள் போய்விட்டன. அந்த இடைவெளியைத் தாங்கியவர்கள், சமையலை உண்மையிலேயே தொழிலாக எடுத்துக்கொண்டவர்கள்தான்.

எந்தத் துறை யாருக்கு?

நர்ஸிங், ஆசிரியப் பணி, சிவில் இன்ஜினீயரிங் போன்றவை நீண்ட காலமாகத் தேவையுள்ள துறைகள். ஆனால், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. நர்ஸாக வேலை பார்க்க அங்குள்ள வாரியத்தில் பதிவு கட்டாயம். மருத்துவமனைப் பயிற்சியும் இரவுப் பணியும் தவிர்க்க முடியாதவை. ஆசிரியர் தகுதி மதிப்பீட்டுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் பேசுதல், கேட்டலில் 8 வேண்டும். ரத்தத்தைக் கண்டால் மயங்கும் பெண்ணை, ‘பி.ஆர். ஈஸி’ என்று நர்ஸிங்கில் சேர்ப்பது அவளுக்குச் செய்யும் உதவியாகாது.

சேரும் முன் கேளுங்கள்

* இந்தப் படிப்பு எந்தத் தொழிலுக்கு அழைத்துச் செல்லும்? அந்தத் தொழில் இன்றைய பட்டியலில் இருக்கிறதா? ஏஜென்ட் சொல்வதோடு நிற்காமல், ஆஸ்திரேலிய உள்துறை இணையதளத்திலும் பாருங்கள்.

* தகுதி மதிப்பீடு தரும் அமைப்பு இந்தக் கல்லூரியின் பட்டத்தை ஏற்குமா? மதிப்பீட்டுக்கு வேலை அனுபவமும் கேட்கிறதா?

* பணம் போதுமா? கல்விக் கட்டணம், பயணச் செலவு தவிர, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 29,710 ஆஸ்திரேலிய டாலர் காட்ட வேண்டும். வகுப்பு நடக்கும் காலத்தில் 2 வாரத்துக்கு 48 மணி நேரமே வேலை பார்க்கலாம். பகுதிநேர வேலையில் ஃபீஸ் கட்டிவிடலாம் என்ற கணக்கு பெரும்பாலும் உதவாது.

* பி.ஆர். கிடைக்காமல் ஊர் திரும்பினால், இந்தப் பட்டத்துக்குச் சென்னையிலோ கோவையிலோ வேலை உண்டா? அந்தச் சம்பளத்தில் கடனைக் கட்ட முடியுமா?

கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்ல முடிகிற படிப்பைத் தேர்ந்தெடுங்கள். பட்டியல் மாறினாலும் கையில் ஒரு தொழில் இருக்கும், பி.ஆர். கிடைத்தால், அந்தத் தொழிலை அங்கேயே மனநிறைவோடு செய்யலாம்.