வெண்பனியில் ஒரு வெற்று வண்டி

பனி என்றதும் எமது நினைவுக்கு வருவது மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள கமக்காரனுக்கோ பனி என்பது வேறொன்று. வாசற்கதவைத் திறந்தால் முழங்காலளவு வெண்குவியல். சில நாட்களிற் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியஸ் வரை இறங்கும் குளிர். அன்றும் மாட்டுக்குத் தீவனம் வாங்க வேண்டும். நோயுற்ற பிள்ளையை வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். அவனிடம் இருப்பதோ பின்னே திறந்த பெட்டியுடைய ‘பிக்கப்’ வண்டி. அதிலும் பின்சில்லுகள் இரண்டை மட்டும் எஞ்சின் சுழற்றும் எளிய வகை. அவ்வண்டியை அவன் எவ்வாறு பனியிற் செலுத்துகிறான்? அதனையே இங்கு நோக்குவோம்.

போர்ட் நிறுவனம் 1925ஆம் ஆண்டில் தனது ‘மொடல் ரி’ மோட்டார் வண்டியைப் பெட்டியுடன் பொருத்தி விற்கத் தொடங்கியது. அன்று தொட்டு இவ்வகையின் அடிப்படை இதுவே: எஞ்சின் முன்னே, பாரம் பின்னே. பெட்டி நிறைந்திருந்தால் பின்சில்லுகள் நிலத்தை நன்கு அழுத்தும். பெட்டி வெறுமையாயின் வண்டியின் நிறையிற் பெரும்பங்கு முன்சில்லுகளின் மேலேயே நிற்கும். தள்ள வேண்டிய பின்சில்லுகளோ பாரமின்றிப் பனியில் வழுக்கிச் சுழலும். உராய்வு இல்லாத இடத்தில் எஞ்சினின் வலிமையால் என்ன பயன்?

ஆகவே கமக்காரன் மாரி தொடங்குமுன் பெட்டியில் மணல் மூட்டைகளை ஏற்றுகிறான். அவற்றை வைக்கும் இடமும் முக்கியம். பின்னச்சுக்கு நேர் மேலே வைத்து, அசையாதவாறு கட்டவேண்டும். பெட்டியின் கடைசி ஓரத்தில் வைத்தால் வண்டியின் முன்புறம் இலேசாகித் திருப்பும் பிடி தளரும். கட்டாது விட்டால், திடீரென நிறுத்தும் வேளையில் மூட்டை முன்னோக்கிப் பாயும்.

எனினும் மணல் மட்டும் போதாது. சாதாரண டயரின் இறப்பர் ஏறத்தாழ 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். இறுகிய இறப்பர் தெருவைப் பற்றாது. மாரிக்கால டயரோ குளிரிலும் மென்மை குன்றாத கலவையால் ஆனது. அதனை நான்கு சில்லுகளுக்கும் பூட்டுதல் வேண்டும். கியூபெக் அரசு 2008ஆம் ஆண்டு முதல் இதனைச் சட்டமாக்கியுள்ளது. 2019ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மாரிக்கால டயர் கட்டாயமாகும்.

நான்கு சில்லுகளையும் எஞ்சின் சுழற்றும் வண்டி இருப்பின் அச்சமில்லை எனச் சிலர் எண்ணுவர். அது தவறு. அவ்வமைப்பு புறப்படுவதற்கு உதவுமேயன்றி நிற்பதற்கு உதவாது. எல்லா வண்டிகளும் நான்கு சில்லுகளாலேயே நிற்கின்றன. அங்கு துணை நிற்பவை நல்ல டயரும் குறைந்த வேகமுமே.

செலுத்தும் கலையின் சாரம் ஒரு சொல்லில் அடங்கும்: மென்மை. புறப்படும்போது இரண்டாம் கியரில் மெல்ல நகர்த்தல் நன்று. முன்செல்லும் வண்டிக்கும் தனக்கும் இடையே வழமையைவிடப் பன்மடங்கு இடைவெளி விடவேண்டும். வண்டியின் வால் ஒரு பக்கம் வழுக்கினால் பிறேக்கை மிதித்தலாகாது. எஞ்சினுக்கு வலுவூட்டும் காலை எடுத்து, வால் செல்லும் பக்கத்துக்கே சுக்கானைத் திருப்பினால் வண்டி நேராகும்; நேரானதும் சுக்கானையும் நேராக்க வேண்டும்.

கடுங்குளிரைவிடப் பூச்சியத்தை ஒட்டிய குளிரே சறுக்கல் மிகுந்தது என்பது பலருக்கும் வியப்பளிக்கும். அப்போது பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்பதே காரணம். கடுங்குளிரிலோ வேறொரு தொல்லை: தெருவில் தூவிய உப்புப் பனியை உருக்கும் ஆற்றலைப் பெரிதும் இழந்துவிடும்.

சில்லுப் புதைந்துவிட்டால் எஞ்சினை முடுக்குவது வீண். சுழலும் சில்லு பனியைத் தேய்த்து வழுவழுப்பான கட்டியாக்கிவிடும். மண்வெட்டியாற் பனியை விலக்கி, சில்லின் முன் மணலைத் தூவி, முன்னும் பின்னும் மெல்ல அசைத்தாற் பெரும்பாலும் வெளியேறலாம். பாரமாக வந்த மணலே இப்போது பாதையாகிறது.

புயலில் அகப்பட்டால் வண்டியை விட்டு நடத்தலாகாது. அதனுள்ளேயே இருந்து, எஞ்சினை இடையிடையே சிறிது நேரம் இயக்கிச் சூடேற்றலாம். ஆனால் அதற்கு முன் புகைபோக்கும் குழாயைப் பனி மூடியிருக்கிறதா எனப் பார்ப்பது உயிர்க்கடன். மூடியிருப்பின் மணமும் நிறமும் அற்ற காபனோரொட்சைட்டு வாயு உள்ளே புகுந்து ஓசையின்றி உயிரைப் பறித்துவிடும். கம்பளியும், மின்சூளும், குடிநீரும் வண்டியில் எப்போதும் இருத்தல் வேண்டும்.

இவையெல்லாம் மிகையான எச்சரிக்கையோ என வாசகர் வினவலாம். கியூபெக்கின் வல்கூர் என்னும் ஊரில் யோசப் ஆர்மண்ட் பொம்பார்டியர் என்ற இயந்திர வினைஞர் வாழ்ந்தார். 1934ஆம் ஆண்டின் மாரியில் அவருடைய இரண்டு வயது மகன் குடல்வால் நோயால் துடித்தான். தெருவெல்லாம் பனி மூடிக் கிடந்தமையால் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வழியில்லை; குழந்தை இறந்தது. பனியில் ஓடும் வண்டியை அமைக்க முன்பே முயன்றுகொண்டிருந்த அத்தந்தை, அதன்பின் ஓயவில்லை. 1937ஆம் ஆண்டில் தம் கண்டுபிடிப்புக்கு உரிமம் பெற்றார். எழுவர் அமரக்கூடிய அவரது பனிவண்டியும், பின்வந்த பெரிய வண்டிகளும் வைத்தியரையும் நோயாளரையும் தபாலையும் பாடசாலைப் பிள்ளைகளையும் சுமந்து சென்றன.

இன்று பனியகற்றும் இயந்திரங்கள் பெருந்தெருக்களைத் திறந்து வைக்கின்றன. ஆயினும் வீட்டு வாசலிலிருந்து பெருந்தெரு வரையுள்ள தூரம் இன்னும் சாரதியின் பொறுப்பே. கார்த்திகையிலேயே மணல் மூட்டையை ஏற்றிக் கட்டும் கமக்காரன், தையில் நள்ளிரவிலே நோயுறக்கூடிய ஒரு பிள்ளைக்காகவே அதனைச் செய்கின்றான்.