வளரும் ஆலையில் பொறியியலாளர் பணியும் தமிழ்ப்பள்ளி அறிவியலும்: மலாக்கா மாநிலத்தை முன்வைத்து

மலாக்கா மாநிலத்தின் இரயில் நிலையம் தலைநகரில் இல்லை. வட எல்லையிலுள்ள புலாவ் செபாங்கில் உள்ளது. அங்கிருந்து மலாக்கா நகருக்குச் சென்ற கிளைப்பாதையைச் சப்பானியர் இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்தெடுத்துச் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர். தோட்டத் தமிழர் பலரையும் அதே பாதைக்குக் கொண்டு சென்றனர் என்பதை நாம் அறிவோம். கிளைப்பாதை மீண்டும் போடப்படவில்லை. கித்தாத் தோட்டங்கள் சூழ்ந்த இவ்வட்டாரத்திலிருந்து பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டைக்குச் செல்வோர் இன்றும் சாலையையே நம்பியுள்ளனர்.

சுதந்திர வர்த்தக மண்டலச் சட்டம் 1971ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 1973 முதல் மலாக்காவில் இயங்கிவந்த சீமென்ஸ் குறைகடத்தி ஆலை, 1999இல் தாய் நிறுவனத்திலிருந்து பிரிந்து இன்ஃபினியன் எனப் பெயர் பெற்றது. இத்தகைய ஆலைகளுக்குத் தொடக்க காலத்தில் சென்றவர்களுள் பெரும்பாலோர் இயந்திரங்களை இயக்கும் பெண்களே. பொறியியலாளர் என்ற நிலை தோட்டக் குடும்பங்களுக்குப் பின்னரே எட்டியது. 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசியக் குறைகடத்தி வியூகம் 60,000 பொறியியலாளர்களை உருவாக்க இலக்கு வகுத்துள்ள நிலையில், அவர்கள் உண்மையில் என்ன பணி செய்கின்றனர் என்பதைத் தமிழாசிரியர்கள் அறிந்திருத்தல் நலம்.

மலாக்கா ஆலைகளின் முதன்மைப் பணி, சில்லுகளைப் பொதித்துச் சோதிப்பதாகும். சிலிக்கான் தகடு சில்லுகளாக அறுக்கப்படுகிறது. ஒவ்வொரு சில்லும் சட்டத்தில் ஒட்டப்பட்டு, தலைமுடியைவிட மெல்லிய கம்பியால் இணைக்கப்பட்டு, பிசினால் மூடப்பட்டு, இறுதியில் சோதிக்கப்படுகிறது. பழுதின்றித் தேறும் பொருள்களின் விழுக்காட்டை இத்துறையினர் விளைச்சல் என்பர். (தோட்டத்தில் பாலுக்கு வழங்கிய சொல்லே இங்கும் வழங்குவது தற்செயல்தான்.) 50 படிகளைக் கொண்ட ஒரு வேலையில் ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு 99 தேறினால் இறுதியில் தேறுவது ஏறத்தாழ 60 மட்டுமே. படிதோறும் 99.9 தேறினால் 95 கிட்டும். அந்த 0.9ஐத் தேடுவதே பொறியியலாளரின் அன்றாட உழைப்பு எனலாம்.

கம்பி இணைப்பை எடுத்துக்கொள்வோம். வெப்பம், அழுத்தம், மீயொலி ஆற்றல், நேரம் ஆகிய நான்கும் இணைப்பின் உறுதியைத் தீர்மானிக்கின்றன. இணைப்பு பெயர்ந்தால் எது காரணம்? பொறியியலாளர் சிலவற்றை மாற்றி, பிறவற்றை மாறாது நிறுத்தி, கம்பியை இழுத்து அதன் வலுவை அளக்கிறார். தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி எனத் தமிழ்ப்பள்ளி மாணவர் தொடக்கநிலை அறிவியலில் பயில்வது இதுவேயன்றி வேறன்று. ஒரே வேளையில் பல மாறிகளை மாற்றிப் புள்ளியியல் கொண்டு பிரித்தறிவது ஆலையில் கூடுதலாகக் கற்பது.

வேகமாக வளரும் நிறுவனத்தில் இதனினும் கடினமான ஒரு பணி உண்டு. சிறிய ஆலையில் அனுபவம் வாய்மொழியாகப் பரவும். மூத்தவர் ஒருவரைக் கேட்டால் போதும். உற்பத்தி வரிசைகள் ஆண்டுதோறும் பெருகும்போது இரவுப்பணியில் நிற்பவருள் பாதிப் பேர் புதியவர்களாக இருப்பர். அப்போது அறிவைச் சுமப்பது எழுத்தே. பழுது நேர்ந்தால் எட்டுப் படிகளில் அறிக்கை எழுதுதல், ‘ஏன்’ என ஐந்து முறை வினவி மூலத்தை அடைதல் ஆகிய முறைகள் வாகனத் தொழிலிலிருந்து இங்கு வந்தவை. ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று முதல் ‘ஏன்’ உடன் நின்றுவிடும் அறிக்கையை வாடிக்கையாளர் ஏற்பதில்லை. தவறு நேர இடமளித்த ஏற்பாடு எது என்றே கேட்பர். பள்ளியில் மொழி கற்பிப்போரின் பங்கு இங்கேதான் புலனாகிறது.

தமிழ்ப்பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் 2003இல் தொடங்கியது; அதனைக் கைவிடும் முடிவு 2009இல் வெளியானது; 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோது அதே விவாதம் மீண்டும் எழுந்தது. ஆலை அறிக்கைகள் ஆங்கிலத்தில் அமைவதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆங்கிலம் தேவை, அதனை ஆங்கிலப் பாடம் தரட்டும். ஆனால், காரணத்தையும் விளைவையும் பிரித்தறியும் பழக்கம் ஒன்பது வயதில், தான் நன்கு பேசும் மொழியிலேயே உறுதிப்படுகிறது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. அறிவியற் சொற்களை ஆங்கிலத்தில் மனனம் செய்துவிட்டு ‘ஏன்’ என்ற வினாவுக்கு விடையின்றி நிற்கும் மாணவர் பொறியியலுக்கு அணுக்கமானவர் அல்லர்.

ஆசிரியர் செய்யக்கூடியது எளியது. அகன்ற தட்டிலும் குறுகிய குவளையிலும் சம அளவு நீரை வெயிலில் வைக்கும் ஆய்வில், “வெயில் பட்டதால் நீர் வற்றியது” என்று மாணவர் எழுதினால் அதற்கு முழு மதிப்பெண் வழங்காமல், இரண்டிலும் ஒரே வெயில்தானே பட்டது, தட்டு நீர் மட்டும் ஏன் முந்தியது என்று கேட்டு, விடையைத் தமிழில் இரண்டு முழு வாக்கியங்களாக மீண்டும் எழுதச் செய்யலாம்.