வங்கி எந்த வெள்ளத்தைத் தாங்கும்?

2023ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளன்று சாய்ந்தமருதில் வங்கிகள் மூடியிருந்தமை புதுமையன்று. ஆனால் மறுநாளும் விசேட விடுமுறை வழங்கப்பட்டது. வார இறுதியும் போயா தினமும் சேர, ஜூன் 29 முதல் ஜூலை 3 வரை நாடெங்கும் வங்கிகள் ஐந்து நாட்கள் மூடியிருந்தன. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பினாற் குழப்பம் விளையாதிருக்க அரசு தேடிய அவகாசம் அது.

நெல் விற்றும் மீன் விற்றும் சேர்த்த பணத்தை வைப்பிலிட்டோர் மனத்தில் இயல்பாக எழும் வினா ஒன்றே: நம் வங்கி தாங்குமா? இவ்வினாவுக்கு முன்கூட்டியே விடை தேடும் முறையை அழுத்தப் பரிசோதனை என்பர்.

100 ரூபா சொத்துள்ள வங்கி ஒன்றை எண்ணிக்கொள்வோம். அதில் 92 ரூபா மக்களின் வைப்பு. 8 ரூபா உரிமையாளரின் மூலதனம். கொடுத்த கடனில் 5 ரூபா மூழ்கினால் மூலதனம் அதனை ஏற்கும். 10 ரூபா மூழ்கினாலோ, வைப்பில் 2 ரூபாவுக்கு ஈடில்லை. நாணயம் வீழ்ந்தால், வட்டி ஏறினால், கடனாளர் நொடித்தால் எவ்வளவு மூழ்கும் என்று காகிதத்திற் கணித்துப் பார்ப்பதே இப்பரிசோதனை. நம் வயல்களுக்கு நீரூட்டும் சேனாநாயக்க சமுத்திரத்தின் கட்டு எத்துணை வெள்ளத்தைத் தாங்கும் என்று பொறியியலாளர் கணிப்பதை ஒத்தது அது.

எனினும், எண்ணிப் பார்த்த வெள்ளம் சிறிதாயின் பரிசோதனை வீணே. 2010 ஜூலையில் ஐரோப்பாவில் 91 வங்கிகள் சோதிக்கப்பட்டன. தவறியவை 7 மட்டுமே. தேறியவற்றுள் அயர்லாந்தின் இரு பெரும் வங்கிகளும் இருந்தன. அவ்வாண்டு நவம்பரிலேயே வங்கிகளின் நட்டச் சுமை தாங்காது அந்நாடு வெளியுதவி நாடிற்று. அரசொன்று தன் கடனைத் தீர்க்காதுவிடும் என்பதும் அச்சோதனையில் எண்ணப்படவில்லை.

நம் நாட்டில் நிகழ்ந்ததோ அதுவே. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை அரசு இடைநிறுத்தியது. அரசின் முறியினும் பாதுகாப்பானது வேறில்லை என நம்பி அதனை வாங்கிய வங்கிகள் நட்டத்துக்கு ஆளாயின.

மத்திய வங்கி வெளியிடும் நிதி உறுதிப்பாட்டு மீளாய்வில் இத்தகைய பரிசோதனைகளைக் காணலாம். மாணவர் அவற்றைப் படித்தல் நன்று. வங்கிகள் தேறின என்ற செய்தியோடு அமையாது, எந்த வெள்ளத்தில் தேறின என்றும் நாம் கேட்டல் வேண்டும்.