புதிய அடுப்பு வாங்குமுன் புகை போகும் வழியைப் பாருங்கள்

வீட்டிலேயே இடியப்பம், புட்டு, அப்பம் செய்து கடைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நமது பகுதியில் ஏராளம். அவர்களின் வருமானத்தை முதலில் தின்பது எரிபொருள்தான். 2021ஆம் ஆண்டு ஒக்டோபருக்கு முன்னர் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ கேஸ் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாக உயர்ந்தது. அப்போது பலர் விறகுக்கும், சிறிய மின்விசிறி பூட்டிய சிரட்டைக் கரி அடுப்புக்கும் மாறினார்கள். மரத்தூளை இறுக்கி அழுத்திச் செய்த சிறு கட்டிகளை எரிக்கும் பெல்லட் அடுப்பும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

இத்தகைய அடுப்பைப் பற்றி என்னிடம் விசாரிப்பவர்கள், "என்ன விலை? மாதம் எவ்வளவு மிச்சம் வரும்?" என்றுதான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: "அதை எங்கே வைக்கப் போகிறீர்கள்? புகை எந்த வழியால் வெளியேறும்?" இதற்குப் பதில் இல்லாதவரை விலையைப் பேசிப் பயனில்லை.

"இதில் புகையே வராது" என்று சொல்லி விற்பார்கள். கண்ணில் படும் புகை குறைவு என்பது உண்மைதான். ஆனால் கரியும் மரமும் போதிய காற்றின்றி எரியும்போது காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, தலைச்சுற்று, வாந்தி என்று தொடங்கி, மூடிய அறையில் உறங்குபவரை எழும்பவிடாமலே கொன்றுவிடும். சமைக்கும்போது இந்த அறிகுறிகள் தென்பட்டால் உடனே எல்லோரும் வெளியே வந்து, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். மழைக்குப் பயந்து கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரி அடுப்பை எரிப்பதைப் போல ஆபத்து வேறில்லை.

கதிரவெளி போன்ற கரையோரக் கிராமங்களில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கிடுகு வேய்ந்த குசினி, அதை ஒட்டியே வீடு, ஒரு பக்கம் கடல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிடுகு காய்ந்து சருகாகிவிடும்; ஒரு பொறி போதும். ஆகவே அடுப்பை மண் அல்லது சீமெந்துத் தரையில் வையுங்கள். கிடுகு, பலகை, திரைச்சீலை, சாக்கு எதுவும் மூன்று அடிக்குள் இருக்கக்கூடாது. புகைக்குழாய் கூரையைத் துளைக்கும் இடத்தில் கிடுகிலோ மரத்திலோ முட்டக்கூடாது. சுற்றிலும் இடைவெளி விட்டுத் தகரம் அடிக்க வேண்டும். குழாயின் வாய் கூரையை விட்டு மூன்று அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். பத்து அடிக்குள் முகடோ சுவரோ இருந்தால் அதைவிட இரண்டு அடி உயரவேண்டும். இல்லையேல் காற்று புகையை மீண்டும் உள்ளே தள்ளும். குழாயில் படியும் கரியை அடிக்கடி தட்டிச் சுத்தம் செய்யாவிட்டால் அதுவே தீப்பற்றும்.

மின்விசிறி உள்ள அடுப்புக்கு மின்சாரமும் கணக்கில் வரவேண்டும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். விசிறி நின்றாலும் உள்ளே நெருப்பு நிற்பதில்லை. அது காற்றில்லாமல் புகைந்து நச்சைக் கக்கும். பற்றரியில் இயங்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். கேஸ் சிலிண்டரும் வீட்டில் இருந்தால் அதை அடுப்புக்கு அருகில் வைக்க வேண்டாம். கேஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து நெருப்பைத் தேடிப் போகும்.

சாம்பலைப் பலர் பொருட்படுத்துவதில்லை. மேலே ஆறியிருந்தாலும் உள்ளே தணல் ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். அதைப் பசளைப் பையில் கொட்டாமல், மூடியுள்ள தகர வாளியில் இட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். எரியும் அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. உறங்கும்போது வீட்டில் நெருப்பை எரியவிட வேண்டாம் என்ற நபிமொழியை நாம் அறிவோம். நோன்பு காலத்தில் இரவிரவாகச் சமைக்கும் வீடுகள் அதை விசேடமாக நினைவில் வைக்கவேண்டும். தீயணைப்பு வண்டி தூரத்தில் இருந்துதான் வரவேண்டும். ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் எப்போதும் குசினி வாசலில் இருக்கட்டும்.

மாரி காலத்தில் பெல்லட் ஈரமானால் ஊதி உதிர்ந்து தூளாகிவிடும். வாங்கிய காசு வீண். ஈரக் கரியும் விறகும் புகையைக் கூட்டும். எனவே நிலத்தில் படாமல் மரத்தட்டில் அடுக்கி மூடிவைக்க ஓர் இடமும் வேண்டும்.

இப்போது கணக்கைப் போடுங்கள். அடுப்பின் விலையோடு புகைக்குழாய், தகரம், சீமெந்துத் தரை, பற்றரி, சாம்பல் வாளி, எரிபொருள் வைக்கும் இடம் எல்லாவற்றையும் முதலில் சேருங்கள். அந்த மொத்தத் தொகையை மாதம் மிச்சமாகும் எரிபொருள் செலவால் பிரித்தால், எத்தனை மாதத்தில் முதல் திரும்பும் என்பது தெரியும். அந்தக் கணக்கு கட்டுப்படியானால் தாராளமாக வாங்குங்கள். குழாய்க்குப் பணம் போதவில்லையென்றால், சேரும்வரை அடுப்பை நாலு பக்கமும் திறந்த கொட்டிலில் வைத்துச் சமையுங்கள். வீட்டுக்குள் மட்டும் கொண்டுவர வேண்டாம்.