வரிசையின் கடைசியில் நிற்கும் பிள்ளை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பாட்டிமார் அடுப்படியிற் கண்ட உண்மை. சோற்றுக்குப் பொருந்தும் அந்த விதி டெனிஸ் கழகத்துக்குப் பொருந்துவதில்லை. ஆயினும், நம்மவரிற் பெரும்பாலார் அதனைக் கொண்டே கழகங்களை மதிப்பிடுகின்றனர். "போன வருடம் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் கிண்ணத்தை வென்ற பையன் அந்தக் கோச்சிடந்தான் பழகினானாம்" என்று ஒருவர் சொல்ல, மறு சனிக்கிழமையே அயலிலுள்ள நாலு வீட்டுப் பிள்ளைகள் புதுச் சப்பாத்துடன் அக்கழகத்தின் வாசலில் நிற்கக் காணலாம். வென்ற பையன் ஒரு பருக்கை. மற்றைய பருக்கைகள் வெந்தனவா என்று பானைக்குள் எட்டிப் பார்ப்பவர் அரியர்.

டெனிஸ் செலவு மிக்க விளையாட்டு. மட்டை, சப்பாத்து, மாதக் கட்டணம், போக்குவரவு என்று எண்ணிப் பார்த்தால் நடுத்தரக் குடும்பமொன்றுக்கு அது சிறிய சுமையன்று. சந்தையிற் கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருப்பிப் பார்க்கும் நாம், பிள்ளையின் மாலைப் பொழுதுகளை ஓராண்டுக்கு ஒருவரிடம் ஒப்படைக்கும்போது ஒன்றும் பாராமல் வந்துவிடுகிறோம். பணம் போனால் போகட்டும். எட்டு வயதுப் பிள்ளையொன்று ஓராண்டு கழித்து, "எனக்கு விளையாட்டு வராது" என்ற முடிவோடு வீடு திரும்புமாயின், அம்முடிவு டெனிசோடு நின்றுவிடுவதில்லை. ஓட்டத்துக்கும் நீச்சலுக்கும், பாடசாலை மைதானத்தில் இறங்குவதற்குங்கூட அது தடையாய் நிற்கும்.

கிண்ணங்கள் ஏன் பொய்ச்சாட்சி சொல்கின்றன? வயதுப் பிரிவுப் போட்டிகளில் ஆண்டின் முற்பகுதியிற் பிறந்த பிள்ளை, பிற்பகுதியிற் பிறந்ததைவிடப் பல மாதம் மூத்தது. ஆதலின் உயரத்திலும் வலிமையிலும் முந்தியிருப்பது இயல்பு. அந்த முந்துதலைப் பயிற்றுநர் தம் திறமையென்று கணக்கெழுதிக் கொள்வதுண்டு. சில பிள்ளைகள் வீட்டில் தனிப் பயிற்சியும் பெறுகின்றன. இவற்றையெல்லாம்விட நுட்பமான காரணம் ஒன்று சேர்விஸ் அடிக்கும் முறையிலே மறைந்திருக்கிறது.

மட்டையை அடுப்பிலிருந்து பிடியுள்ள தாச்சியை எடுப்பதுபோற் பிடித்துக்கொண்டு சேர்விஸ் அடித்தாற் பந்து இலகுவிற் கட்டத்துக்குள் விழும். சுத்தியலைப் பிடிப்பதுபோற் பிடித்து அடிப்பதே சரியான முறை. ஆனால் பழகத் தொடங்கும்போது பந்து வலையிலும் வேலியிலும் போய் விழும். தாச்சிப் பிடியுடன் ஆடும் சிறுவன் பத்து வயதிற் கிண்ணம் வெல்வான். பதினான்கு வயதில், எதிராளிகள் உயர்ந்து வலுத்தபின், அவனது சேர்விஸ் வேகமும் சுழற்சியுமின்றி அவர்களுக்கு விருந்தாகும். பிள்ளையைப் பல மாதம் தோற்க விட்டேனும் பிடியைத் திருத்தும் பயிற்றுநருக்கு அந்த ஆண்டிற் கிண்ணம் கிடையாது. கழகத்து வாசலிற் கூட்டமும் கூடாது. என் மதிப்பில் அவரே உயர்ந்தவர்.

வெற்றியொன்றே பயிற்சியின் அளவுகோலாயின், அமெரிக்க வீரர் அந்திரே அகாசியின் தந்தையாரைத் தலைசிறந்த பயிற்றுநர் என்றே சொல்ல வேண்டியிருக்கும். பந்து வீசும் இயந்திரத்தைத் திருத்தியமைத்து, நாளொன்றுக்கு 2,500 பந்துகளை மகன் அடிக்கவேண்டுமென்று விதித்தவர் அவர். மகன் 8 பெருந்தொடர்களில் ஒற்றையர் பட்டம் வென்றார். அதே மகன் 2009 இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில், தாம் டெனிசை வெறுத்தே ஆடிவந்ததாக எழுதியுள்ளார். தந்தை பயிற்றுவித்தாலே இவ்வாறாகும் என்பதில்லை. 1954 இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்று, 1960 இலும் 1961 இலும் அங்கே ஆடவர் அரையிறுதி வரை சென்ற இராமநாதன் கிருஷ்ணனுக்கு ஆசான் அவருடைய தந்தையார் டி. கே. இராமநாதனே.

அப்படியாயின் எதைப் பார்ப்பது? கையிற் கடிகாரத்தோடு ஒரு மாலை வேலியோரத்தில் உட்காருங்கள். கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்க்க வேண்டாம். அதனை எல்லாரும் பார்ப்பார்கள். வரிசையின் கடைசியில் நிற்கும் பிள்ளையைப் பாருங்கள். ஒரு மணித்தியாலத்தில் அது எத்தனை முறை பந்தை அடிக்கிறது என்று எண்ணுங்கள்.

நம் கழகங்களிற் பெரிதும் காணப்படும் முறை இது: பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே வரிசையில் நிற்பார்கள். பயிற்றுநர் கூடையிலிருந்து ஒவ்வொரு பந்தாக எடுத்துப் போடுவார். முன்னால் நிற்பவர் சில பந்தை அடித்துவிட்டுப் பின்னாற் போய்விடுவார். ஓட்டத்துக்கும் உடற்பயிற்சிக்கும் 10 நிமிடம், பந்து பொறுக்குவதற்கு 10 நிமிடம் போக, மீதி 40 நிமிடம். நாலு விநாடிக்கு ஒரு பந்து என்று கொண்டாலும் மொத்தம் 600 பந்துகள், தலைக்கு 50. அதாவது ஒவ்வொரு பிள்ளையும் 3 நிமிடமும் 20 விநாடியுமே ஆடுகிறது. எஞ்சிய 36 நிமிடத்துக்கு மேற்பட்ட நேரம் அது கற்பது வரிசையில் நிற்கும் கலையை. அக்கலையை வேறு பல இடங்களில் நாம் இலவசமாகவே கற்றிருக்கிறோம்.

அதே பன்னிருவரை, அதே ஆடுகளத்தில், வேறு விதமாகவும் ஆடவைக்கலாம். சர்வதேச டெனிஸ் சம்மேளனம் சிறுவருக்கென்று வகுத்த முறையில் மெதுவான பந்துகள் மூன்று உண்டு. சிவப்புப் பந்து வழக்கமான மஞ்சட் பந்தைவிட 75 வீதம் வேகம் குறைந்தது. செம்மஞ்சட் பந்து 50 வீதமும் பச்சைப் பந்து 25 வீதமும் குறைந்தவை. சிவப்புப் பந்துக்குரிய சிறிய களத்தின் நீளம் 36 அடி. முழு ஆடுகளத்தின் இரட்டையர் அகலமும் அதே 36 அடியாதலால், குறுக்காகச் சிறு வலைகளைக் கட்டி ஓர் ஆடுகளத்தை நான்கு சிறு களங்களாக்கலாம். களத்துக்கு மூவர், இருவர் ஆட, ஒருவர் புள்ளி எண்ணுவார். முறை மாறி மாறி ஆடினால் அந்த 40 நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் 26 நிமிடத்துக்கு மேல் ஆடும். வேண்டியவை சில வலைகளும் சுண்ணாம்புக் கோடும், வேலியோரத்தில் நின்று பேசாமற் களத்துக்குக் களம் நடக்கும் ஒரு பயிற்றுநரும்.

இது புதுமைக்காகச் சொல்லும் யோசனையன்று. 2012 முதற் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் மஞ்சட் பந்து விதிப்படியே விலக்கப்பட்டுவிட்டது. காரணம் வெளிப்படை. வளர்ந்தோருக்குரிய பந்து எழும்பினாற் சிறு பிள்ளையின் தோளுக்கும் தலைக்கும் மேலே செல்லும். அதை அடிக்கப் பிள்ளை உடலை வளைத்து, பிடியைத் திரித்து, பின்னர் திருத்த முடியாத பழக்கங்களைத் தேடிக்கொள்ளும். ஏழு வயதுப் பிள்ளையின் கையில் 27 அங்குல மட்டையையும் எதிரே மஞ்சட் பந்தையும் கண்டால், அக்கழகத்தில் மேலும் விசாரிக்க வேண்டியதில்லை.

இனி, பயிற்றுநரின் வாயைக் கவனியுங்கள். "முழங்காலை மடி, தோளைத் திருப்பு, மணிக்கட்டை ஆட்டாதே, பந்தைப் பார்!" என்று ஒரே மூச்சில் நான்கு கட்டளை இடுபவர் பலர். பந்து வந்துசேர ஒரு விநாடிகூட ஆகாதபோது பிள்ளை எதனைச் செய்யும்? திமொதி கால்வே என்னும் அமெரிக்கப் பயிற்றுநர் 1974 இல் வெளியிட்ட நூலொன்றில் இதற்கு மாற்றான எளிய பயிற்சியைச் சொல்லியிருக்கிறார். பந்து தரையிற் படும்போது ஒரு சொல்லையும் மட்டையிற் படும்போது இன்னொரு சொல்லையும் மாணவன் உரக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்லிலே கருத்து ஊன்றியிருக்க, கண் தானே பந்தைத் தொடரும். கையும் தன் வேலையைச் செய்யும். நல்ல பயிற்றுநர் ஒரு நேரத்தில் ஒன்றையே சொல்வார். சொன்னபின், அது பிள்ளைக்கு விளங்கிற்றா என்று அடுத்த பத்துப் பந்துகளையும் பார்த்திருப்பார்.

கற்பிக்கத் தகாத ஆசிரியர்களை நன்னூலார் நான்கு உவமைகளால் இனங்காட்டியுள்ளார். அந்த நால்வரையும் டெனிஸ் மைதானத்திலும் காணலாம். முறையின்றிக் கழற்சிக்காயைக் கொட்டும் கழற்குடம் போன்றவர் இன்று சேர்விஸ், நாளை வலையோர அடி, மறுநாள் மீண்டும் முதற்பாடம் என்று கற்பிப்பார். மடற்பனை போன்றவரிடம் அறிவு நிறைய உண்டு. ஆனால் நெருங்க முடியாது, பழம் தானே விழுந்தாலன்றிக் கிடையாது. பஞ்சைச் சிறிது சிறிதாகவே வெளிவிடும் பருத்திக் குண்டிகை போன்றவர் மாதக் கட்டணத்தை மனத்திற்கொண்டு பாடத்தை நீட்டுவார். நான்காமவரே இக்கட்டுரைக்கு உரியவர். முடத்தெங்கு, அதாவது வளைந்த தென்னை, நீர் வார்த்தவன் வளவில் நின்று அயலவன் வளவிற் காயை உதிர்க்கும். வேலியோரத் தென்னையால் வழக்குக்குப் போன ஊர்களைச் சேர்ந்த நமக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு பெற்றோர் கட்டும் பணத்தில், ஒரு கெட்டிக்காரப் பையனுக்கு மட்டும் நின்று நிதானித்துப் பாடஞ்சொல்லும் பயிற்றுநர் முடத்தெங்கே. மற்றப் பதினொரு பிள்ளைகளும் அவனுக்குப் பந்து பொறுக்கிப் போடுகின்றன.

அந்தப் பதினொருவரிற் பெண்பிள்ளைகள் இருந்தால் இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். அவர்களுக்குப் பந்து மெதுவாகப் போடப்படுகிறதா? தவறு திருத்தப்படாமல், "பரவாயில்லை, நன்று" என்று சொல்லி அனுப்பப்படுகிறார்களா? இது அன்பு போலத் தோன்றும் அலட்சியம்.

உடல் நலம் பற்றிச் சிறிது. வளரும் பிள்ளையின் எலும்பு முனைகள் இன்னும் இறுகாதவை. அளவுக்கு மீறிய சேர்விஸ் பயிற்சி தோளையும் முழங்கையையும் இடுப்பு முள்ளெலும்பையும் தாக்கும். வாரத்திற் பிள்ளையின் வயதைவிட அதிக மணித்தியாலம் முறைப்பயிற்சியில் ஈடுபட்டோருக்குக் கடுமையான காயங்கள் மிகுதி என்று 2015 இல் வெளியான அமெரிக்க மருத்துவ ஆய்வொன்று கண்டது. பத்து வயதுக்கு வாரம் பத்து மணித்தியாலம் என்பது நினைவிற்கொள்ள எளிய எல்லை. "வலி இருக்கத்தான் செய்யும், ஆடு" என்று சொல்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள். நம் நாட்டு வெயிலில் தண்ணீர் குடிக்க இடைவேளை உண்டா என்பதையும் பாருங்கள். பந்துகளையும் ஒருமுறை சோதிக்கலாம்: விதிப்படி 100 அங்குல உயரத்திலிருந்து விழும் மஞ்சட் பந்து 53 முதல் 58 அங்குலம் வரை எழ வேண்டும். முழங்கால் வரையும் எழாத கிழட்டுப் பந்துகளால் நிறைந்த கூடை, கழகம் எதிற் சிக்கனம் பிடிக்கிறது என்பதைக் காட்டிவிடும்.

சான்றிதழ்கள் கேட்கத்தக்கவையே. சர்வதேச சம்மேளனத்தின் பயிற்றுநர் சான்றிதழ்கள் முதலாம், இரண்டாம், மூன்றாம் தரம் என்று படிப்படியாக வழங்கப்படுகின்றன. சிறுவருக்குக் கற்பிப்பவர் முதலாந் தரத்தையேனும் பெற்றிருப்பது விரும்பத்தக்கது. ஆனால் சுவரில் மாட்டிய தாள் பந்து போடாது.

பெற்றோர் வேலியருகே நிற்பதை விரும்பாத பயிற்றுநரும் உளர். பிள்ளைக்குக் கூச்சம் என்று அவர்கள் சொல்லும் காரணத்தில் ஓரளவு உண்மையுண்டு. தூரத்தில் அமர்வது நன்று. முற்றாகப் பார்க்கவே கூடாது என்று தடுத்தாலும், தனியே அழைத்துக் கற்பிப்பதை வழக்கமாக்கினாலும், உடனே கழகத்து நிருவாகத்திடம் கேட்டுவிடுங்கள். இதில் மரியாதை பார்க்க இடமில்லை.

மூன்று மாதம் சென்றபின் நீங்களே ஒரு சோதனை வைக்கலாம். பிள்ளையையும் அதனுடன் பழகும் இன்னொரு பிள்ளையையும் பயிற்றுநர் இல்லாத நேரத்தில் ஆடுகளத்தில் விட்டுவிடுங்கள். தாமே சேர்விஸ் போட்டு, பந்தைத் திருப்பி அடித்து, புள்ளி எண்ணி, கோட்டில் விழுந்த பந்துக்குச் சண்டையிட்டுச் சமாதானமாகி ஓர் ஆட்டத்தை முடிப்பார்களாயின், அவர்கள் விளையாட்டைக் கற்றிருக்கிறார்கள். கூடைப் பந்துக்கு அழகாக மட்டை வீசி, எதிராளியின் பந்துக்குத் திகைத்து நிற்பார்களாயின், கற்றது பாவனை மட்டுமே. போட்டிகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் பிள்ளை வேலிப்பக்கம் திரும்பிப் பயிற்றுநரின் முகத்தைப் பார்ப்பதும் நல்ல அறிகுறியன்று. 2025 சனவரி முதல் ஆட்டத்தின் இடையே களத்துக்கு வெளியிலிருந்து ஆலோசனை கூறப் பொது விதிகள் இடந்தந்துள்ளன. ஆயினும் பந்து வரும்போது முடிவெடுக்க வேண்டியது பிள்ளைதான்.

இத்தனைக்கும் நேரமில்லாத பெற்றோர், கழகச் செயலாளரிடம் ஒன்றை மட்டும் கேட்டால் போதும். சென்ற ஆண்டுத் தொடக்கத்தில் எத்தனை பிள்ளைகள் சேர்ந்தன, அவற்றுள் எத்தனை இன்றும் வருகின்றன? ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கென்று நின்ற பிள்ளைகளை விலக்கிப் பாருங்கள். அவர்கள் போனது பயிற்றுநரின் குற்றமன்று. பரீட்சை முடிந்து அவர்களுட் சிலர் திரும்பி வந்தார்களா என்பதையும் கேளுங்கள். வரவுப் பதிவேடு இருந்தால் செயலாளர் ஐந்து நிமிடத்தில் எண்ணிச் சொல்லிவிடுவார். பதிவேட்டைத் தேடுவதற்குப் பதிலாகக் கண்ணாடி அலுமாரியிலுள்ள கிண்ணங்களைக் காட்டத் தொடங்கினால், கட்டணத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த கழகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.