கமர்கட்டும் கடைவாய்ப்பல்லும்

பிள்ளைக்குப் பல் சொத்தை என்றால் வீட்டில் கேட்பது, "எவ்வளவு மிட்டாய் தின்றாய்?" பல் மருத்துவர் கேட்பதோ, "எப்போதெல்லாம் தின்பான்?" விஷயம் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது.

சர்க்கரை உள்ளே போன சில நிமிடங்களில் பல்லில் படிந்திருக்கும் கிருமிகள் அதை அமிலமாக்கிவிடும். அமிலம் எனாமலின் தாதுக்களைக் கரைக்கும். உமிழ்நீர் அதைத் தணிக்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். பிறகுதான் பல் தேறும். அதற்குள் அடுத்த பிஸ்கட் வந்தால் எல்லாம் முதலிலிருந்து. காலையில் மால்ட் பானம், இன்டர்வெல்லில் க்ரீம் பிஸ்கட், நாலு மணிக்கு பாக்கெட் ஜூஸ், டியூஷன் போகும் வழியில் டாஃபி, படுக்கும்போது சர்க்கரை போட்ட பால். ஒவ்வொன்றும் கொஞ்சம்தான், பல்லுக்குத்தான் ஓய்வே இல்லை. தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும் என்பதால் அந்தக் கடைசிப் பால்தான் மிக மோசம்.

அளவைவிட அடிக்கடி தின்பதுதான் கெடுதல் என்று தெரியவந்த விதம் கசப்பானது. 1940களின் பிற்பகுதியில் ஸ்வீடனில், லுண்ட் நகரின் விப்பெஹோல்ம் மருத்துவமனையில் இருந்த மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு, அவர்கள் சம்மதமில்லாமலே ஒட்டும் டாஃபிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு சர்க்கரை தின்றவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை. இடையிடையே டாஃபி மென்றவர்களின் பற்கள் நாசமாயின. அதன் பிறகு அந்த நாட்டில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற வழக்கம் ஊன்றியது.

'நாட்டு வெல்லம்தானே' என்ற சமாதானம் இங்கே எடுபடாது. வெல்லத்திலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். கிருமி நிறம் பார்ப்பதில்லை. கமர்கட்டின் குற்றம் அது வாயில் அரை மணி நேரம் ஊறுவது. ஒரு கடலைமிட்டாயை மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கொடுத்துவிட்டால் தாழ்வில்லை.

அளவும் சும்மா விடக்கூடியதல்ல. சேர்க்கும் சர்க்கரை அன்றாடக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1,600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அது 40 கிராம்; 300 மி.லி. கோலா ஒன்றே சுமார் 30 கிராமைத் தின்றுவிடும். கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளியிலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020இல் நம் நாட்டில் விதி வந்தது. 51ஆவது மீட்டரில் இருக்கும் பெட்டிக்கடைக்கு நடக்கத் தெரியாத பிள்ளை உண்டா?

காலையிலும் படுக்குமுன்னும் ஃப்ளோரைடு பேஸ்ட், மூன்றிலிருந்து ஆறு வயதுவரை பட்டாணி அளவு. துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலசித் தீர்க்க வேண்டாம். நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஏழெட்டு வயதுவரை பெரியவர்களே தேய்த்துவிட வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது ஆறு வயதுக் கடைவாய்ப்பல்லை. எந்தப் பால் பல்லும் விழாமல், வரிசையின் கடைசியில் சத்தமில்லாமல் அது முளைக்கும். 'விழுந்து முளைக்கிற பல்தானே' என்று விட்டுவிடுகிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லி, நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். ஐந்து வரை பால் பல்லின் இடம். ஆறாவது இருந்தால் அது ஆயுசுக்கும் நிற்க வேண்டியது. அதன் மேற்பரப்புப் பள்ளங்களுக்குள் பிரஷ்ஷின் நார் போகாது. அவற்றை மூட பல் மருத்துவர்கள் பிசின் பூச்சு ஒன்று பூசுவார்கள். ஊசியும் இல்லை, குடைவதும் இல்லை. பல் முழுதாக வெளிவந்ததுமே பூசிக்கொள்ளலாம்.